எஞ்சினும் கியர் பெட்டியும் ஒத்துப்போகும் கணம்

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு ஓடும் 750 ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபடி போகிறவர்களுக்குச் சாரதியின் முகம் தெரியாது. ஆனால் அவருடைய கால் எப்படிப்பட்ட கால் என்பது கோப்பாய் வருவதற்குள் தெரிந்துவிடும். ஒருவர் கியர் மாற்றினால் கூட்டம் முழுவதும் முன்னுக்குச் சாய்ந்து பின்னுக்கு விழும்; மரக்கறிப் பை சரியும்; கம்பியைத் தவறவிட்ட ஆச்சி பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் தோளைப் பிடிப்பார். இன்னொருவர் ஓட்டினால், அதே பஸ்ஸில் அதே வீதியில் கியர் மாறியதை எஞ்சின் சத்தத்தைக் கொண்டுதான் அறியலாம். வல்லை வெளியில் பஸ் முழு வேகத்தில் ஓடும்போது ஒருவரும் கம்பியை இறுக்கிப் பிடிப்பதில்லை. நெல்லியடிச் சந்தியில் நின்று புறப்படும்போதுதான் எல்லாக் கைகளும் மேலே போகின்றன.

மனித உடம்புக்கு வேகம் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டால், சீராக ஓடும் வண்டியும் நிற்கும் வண்டியும் ஒன்றுதான். ஆர்முடுகல் தெரியும், இருக்கை முதுகை அழுத்துவது அதனால்தான். ஆனால் அந்த அழுத்தம் மாறாமல் இருந்தால் உடம்பு சில கணங்களில் அதற்குப் பழகிவிடும். முதுகையும் முழங்காலையும் அதற்கேற்றபடி வைத்துக்கொள்ளும். உடம்பால் சமாளிக்க முடியாதது ஆர்முடுகல் திடீரென மாறுவது. பொறியியலாளர்கள் இதை ஜேர்க் என்கிறார்கள்: ஒரு வினாடிக்குள் ஆர்முடுகல் எவ்வளவு மாறுகிறது என்ற அளவு. கழுத்துத் தசை தன்னைத் தயார்படுத்திக்கொள்ளும் முன்னரே விசை மாறிவிடுவதால் தலை ஆடுகிறது. மின்தூக்கியையும் ரயிலையும் வடிவமைப்பவர்கள் இந்த அளவுக்கு ஓர் எல்லை வைத்துத்தான் வேலை தொடங்குவார்கள்.

சுகமான பயணம் பணக்காரர்களின் விருப்பம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது அப்படியல்ல. 2018 ஜூலையில் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை வட மாகாணத்துக்கு வந்தது. அந்த அம்புலன்ஸில் இடுப்பெலும்பு முறிந்த ஒருவரைத் தெல்லிப்பழையிலிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும்போது, ஒவ்வொரு கியர் மாற்றமும் அந்த எலும்பில் போய் விழும். பஸ்ஸில் நிற்கும் கர்ப்பிணிக்கும் முதியவருக்கும் இதே கணக்குத்தான். ஆகவே இந்த அத்தியாயம் சொகுசைப் பற்றியதாக இருக்காது.

கியர் மாறும் அரை வினாடி

குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கும் தட்டை நிலம். கொழும்பு–கண்டி வீதியில் கடுகண்ணாவ ஏற்றத்தில் கியரைக் குறைத்து ஏற வேண்டியதுபோல இங்கே ஓரிடமும் இல்லை. யாழ்ப்பாணத்துச் சாரதி கியர் மாற்றுவது சந்திக்காக, சைக்கிளுக்காக, ஒழுங்கையிலிருந்து திடீரென வெளிவரும் ஆட்டுக்காக. நின்று நின்று புறப்படுவதால் முதலாம், இரண்டாம், மூன்றாம் கியர்களே நாள் முழுதும் பாடுபடுகின்றன. குலுக்கம் மிகப் பெரிதாக வரும் கியர்களும் இவைதான். காரணத்தை ஒரு சின்னக் கணக்கில் பார்த்துவிடலாம்.

ஆட்களோடு சேர்த்து 1,000 கிலோகிராம் நிறையுள்ள ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்வோம். முதலாம் கியரின் விகிதம் 3.5, இரண்டாம் கியரின் விகிதம் 2, இறுதிக் கியர்த் தொகுதியின் விகிதம் 4. எஞ்சின் 60 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை தருகிறது. முதலாம் கியரில் சில்லுக்குப் போய்ச் சேருவது 840 நியூட்டன் மீற்றர். சில்லின் ஆரை 28 சென்ரிமீற்றர் என்றால், வீதியைத் தள்ளும் விசை 3,000 நியூட்டன். காற்றுத் தடையை விட்டுவிட்டால் ஆர்முடுகல் ஒவ்வொரு வினாடிக்கும் வினாடிக்கு 3 மீற்றர். இரண்டாம் கியருக்கு மாறியதும், எஞ்சின் அதே 60ஐத் தந்தாலும், சில்லில் கிடைப்பது 480தான். ஆர்முடுகல் 3இலிருந்து 1.7க்கு விழுகிறது. கால் அசையவில்லை, அக்சிலேற்றர் அப்படியே இருக்கிறது; ஆனாலும் வண்டியைத் தள்ளும் விசையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் ஒரே கணத்தில் போய்விட்டது. முன்னுக்குச் சாய்வது இதனால்.

பின்னுக்கு விழுவதற்குக் காரணம் வேறு. எஞ்சின் முதலாம் கியரில் நிமிடத்துக்கு 3,500 சுற்று சுற்றிக்கொண்டிருந்தால், அதே வண்டி வேகத்துக்கு இரண்டாம் கியரில் அது 2,000 சுற்றே சுற்ற வேண்டும். மிச்ச 1,500 சுற்றை எங்கேயாவது இறக்கி வைத்தாக வேண்டும். எஞ்சினின் தண்டும் பிளைவீல் என்ற பாரச் சில்லும் சுழலும்போது சக்தியைச் சேர்த்து வைத்திருக்கின்றன. சின்ன எஞ்சின் ஒன்றுக்கு 3,500இலிருந்து 2,000க்கு இறங்கும்போது வெளிவரும் சக்தி ஏறத்தாழ 5,400 ஜூல். அரை வினாடியில் இறக்கினால், அது எஞ்சின் தரும் முறுக்குவிசைக்கு மேல் இன்னொரு 38 நியூட்டன் மீற்றராகக் கிளச்சின் வழியே சில்லுக்குப் போகும். ஆர்முடுகலில் 1.1 கூடும். அவசரப்பட்டு 0.2 வினாடியில் இறக்கினால் 2.7 கூடும். யாரோ பின்னாலிருந்து தள்ளியது போன்ற அந்த உணர்வு எஞ்சினின் சடத்துவத்திலிருந்து வருவது.

முதலில் விசை பள்ளத்தில் விழுகிறது. அடுத்து மேட்டில் ஏறுகிறது. பிறகுதான் புதிய மட்டத்தில் நிற்கிறது. கியர் மாற்றம் ஒவ்வொன்றிலும் இந்தப் பள்ளமும் மேடும் இருக்கின்றன. கியர் பெட்டியை எவ்வளவு நுட்பமாகச் செய்தாலும் அது மட்டும் தனியாக இதைத் தீர்க்க முடியாது. கிளச்சை மெல்ல மெல்லப் பிடிக்க விட்டால் மேடு தணியும், ஆனால் அந்த 5,400 ஜூலில் ஒரு பங்கும், அதோடு எஞ்சின் தொடர்ந்து தரும் வலுவில் ஒரு பகுதியும் கிளச்சுத் தட்டில் வெப்பமாகிவிடும்; தட்டு கருகும். கெட்டியாகப் பிடித்தால் தட்டு பிழைக்கும், ஆட்கள் ஆடுவார்கள். தப்ப ஒரே வழி, அந்த அரை வினாடிக்கு எஞ்சின் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது. எஞ்சினே 38 நியூட்டன் மீற்றரைக் குறைத்துக்கொண்டால் மேடு மறைந்துவிடும்.

எப்போது, எவ்வளவு, எவ்வளவு நேரத்துக்கு விட்டுக்கொடுப்பது? நூறு வருடமாக வாகனப் பொறியியலின் ஒரு பெரும் பகுதி இந்த மூன்று கேள்விகளோடு மல்லுக்கட்டியிருக்கிறது.

காலும் காதும்

விடையை முதலில் வைத்திருந்தவர் சாரதி. பழைய பஸ்களிலும் லொறிகளிலும் கியர்ப் பற்களின் வேகத்தைத் தானாகச் சமப்படுத்தும் சிங்க்ரோமெஷ் கிடையாது. காடிலாக் நிறுவனம் அதை 1928இல் கார்களுக்குக் கொண்டுவந்தது. பாரவண்டிகளுக்கு அது வரப் பல காலம் எடுத்தது. அதுவரை டபுள் கிளச். மேல் கியருக்குப் போக: கிளச்சை மிதித்து நியூட்ரலுக்கு வா, கிளச்சை விடு, எஞ்சின் சத்தம் இறங்கும் வரை பொறு, மறுபடி மிதித்துக் கியரைப் போடு. கீழ்க் கியருக்கு வரும்போது அந்த நடுவில் அக்சிலேற்றரை ஒரு தட்டுத் தட்டி எஞ்சின் சுற்றை ஏற்ற வேண்டும். "சத்தத்தைக் கேளடா தம்பி, கியர் தானா விழும்" என்று பழகக் கொடுப்பவர்கள் சொல்வார்கள். சத்தத்தின் சுருதி எஞ்சினின் சுற்று வேகம். எந்தச் சுருதியில் எந்தக் கியர் பல் உரசாமல் விழும் என்பதைக் காது கணக்கிட்டது, கால் நடத்தியது.

குடாநாட்டில் இந்தக் கலைக்கு ஒரு கடும் சோதனை வந்தது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் பொருளாதாரத் தடை வந்து, பெற்றோல் கண்ணில் காணக் கிடைக்காத பொருளானது. யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் ஏ40உம் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. அதைக் கெட்டித்தனம் என்று மட்டும் பலர் சொல்வார்கள். அதற்குள் இருந்த பொறியியலையும் சொல்ல வேண்டும்.

மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆகவே ஒரு சிறு போத்தலில் வைத்திருந்த கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பிரித்தானியாவில் பேர்குசன் உழவு இயந்திரங்களின் ஒரு வகை இதே முறையில்தான் வேலை செய்தது; அதற்கென்றே ஓர் எரிபொருளை அங்கே விற்றார்கள். மண்ணெண்ணெயின் ஒக்ரேன் எண் பெற்றோலை விட மிகக் குறைவு, அதனால் சிலிண்டருக்குள் காலத்துக்கு முன்பே வெடித்துத் தட்டும். அந்தக் காலத்துக் கார்களின் அமுக்க விகிதம் குறைவாக இருந்ததால்தான் அவை தாக்குப்பிடித்தன. பிற்காலத்து எஞ்சின் என்றால் தாங்கியிராது.

கியர் மாற்றத்துக்கு இது என்ன செய்தது? அக்சிலேற்றரை மிதித்ததும் உடனே இழுக்கும் எஞ்சின், மண்ணெண்ணெயில் ஒரு கணம் தயங்கியே இழுக்கும். பழைய பழக்கத்தில் கிளச்சை விட்டால் வண்டி திக்கித் துள்ளும், அல்லது நின்றுவிடும். சாரதிகள் முன்கூட்டியே மிதித்தார்கள். வெள்ளைப் புகை கக்கி எஞ்சின் எழும்பும் சத்தம் கேட்டபிறகே கிளச்சைப் பதமாக விட்டார்கள். சூடு குறைந்தால் எஞ்சின் மறுபடி திணறும் என்பதால் கீழ்க் கியரில் கூடுதல் தூரம் ஓடினார்கள். எஞ்சினின் குணம் மாறியதும் கியர் பெட்டியை நடத்தும் முறையையும் மாற்றினார்கள். இன்று ஒரு கார்க் கணினிக்குள் எழுதப்படும் விதிகளை அன்று அவர்கள் கால் பெருவிரலில் வைத்திருந்தார்கள். தெருவில் நின்றுபோனால் தள்ள வேண்டும், தள்ளினால் ஒரு துளிப் பெற்றோல் போகும் என்ற நெருக்கடியில் அவர்கள் கற்ற கல்வி அது. அதற்குரிய மதிப்பை நாம் இன்னும் கொடுக்கவில்லை என்பது என் எண்ணம்.

யாழ்தேவிக்குள் இருந்த ஏற்பாடு

எஞ்சினுக்கும் வலுக்கடத்தும் பகுதிக்கும் இடையிலான பேச்சை மனிதனிடமிருந்து இயந்திரம் எடுத்துக்கொண்டதற்கு நல்ல உதாரணம் தேடி டெற்றொயிட்டுக்குப் போகத் தேவையில்லை. அது காங்கேசன்துறை வரை வந்து போனது.

யாழ்தேவி ரயில் 1956 ஏப்ரல் 23 அன்று ஓடத் தொடங்கியது. அதை இழுத்த எஞ்சின்களில் பேர் பெற்றவை, 1954 முதல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவிலிருந்து வந்த எம்2 வகை டீசல் எஞ்சின்கள். அவற்றில் ஒன்றுக்கு அல்பேர்ட்டா என்று பெயர். சனங்கள் எல்லாவற்றையும் கனடா எஞ்சின் என்றே சொன்னார்கள். பன்னிரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின் சில்லை நேரடியாகச் சுற்றுவதில்லை. ஒரு மின்பிறப்பாக்கியைச் சுற்றும், அந்த மின்சாரம் அச்சுகளிலுள்ள மோட்டர்களுக்குப் போகும். பற்சக்கரங்களை மாற்றிப் போட வேண்டிய இடத்தில் மின்சாரம் இருக்கிறது.

ஓட்டுநரின் கைப்பிடிக்கு எட்டுப் படிகள். அவர் நான்காம் படிக்குத் தள்ளினால், கவர்னர் என்ற கட்டுப்பாட்டுக் கருவி எஞ்சினை அந்தப் படிக்குரிய சுற்று வேகத்துக்குக் கொண்டுவரும். அதற்காக டீசலைக் கூட்டும், குறைக்கும். இதற்கு மேல் அது செய்யும் வேலைதான் அருமையானது. அந்தப் படியில் எஞ்சின் தரக்கூடிய வலுவை விடச் சுமை கூடிவிட்டால், கவர்னர் எண்ணெய் அழுத்தத்தால் ஒரு மாறும் தடையியை நகர்த்தி, மின்பிறப்பாக்கியின் காந்தப் புலத்தைக் குறைக்கும். சுமை தானாகக் குறையும், எஞ்சின் திணறாது. சுமை லேசானால் புலத்தைக் கூட்டும். எரிபொருளையும் சுமையையும் ஒரே கருவி, ஒன்றைப் பார்த்து மற்றதைத் திருத்தியபடி நடத்தியது. கணினி இல்லை, சிலிக்கன் இல்லை. சுழலும் எடைகள், சுருள்வில், எண்ணெய். பெட்டிகளை இணைக்கும் கொக்கிகளின் இடைவெளியால் புறப்படும்போது ஒரு இழுப்பு இருக்கும்தான். அதைக் கடந்துவிட்டால் வேகமெடுப்பதில் கியர் மாறும் வெட்டு எதுவும் கிடையாது.

1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. 2014 ஒக்ரோபர் 13 அன்றுதான் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வந்தது.

முறுக்குவிசை என்ற பொது மொழி

காருக்குள் இப்படியொரு ஏற்பாட்டை அடக்குவது கடினமாக இருந்தது. 1939இல் ஜெனரல் மோட்டர்ஸ் ஒல்ட்ஸ்மொபில் கார்களுக்கு ஹைட்ராமற்றிக் என்ற தானியங்கிக் கியர் பெட்டியை வெளியிட்டது. அது நன்றாக ஓடியது. ஆனால் எஞ்சின் என்ன செய்கிறது என்பதை ஒரு கம்பியின் இழுப்பாலும் எண்ணெய் அழுத்தத்தாலும் ஊகித்தே அறிந்தது. 1981இல் டொயோட்டா நுண்செயலி நடத்தும் தானியங்கிப் பெட்டியைக் கொண்டுவந்தது. அப்போதும் பேச்சு ஒரு பக்கத்திலிருந்துதான்: பெட்டி எஞ்சினைப் பார்த்து முடிவெடுத்தது, எஞ்சின் பெட்டிக்காக எதையும் செய்யவில்லை. 1989இல் வெளிவந்த லெக்சஸ் எல்எஸ் 400இல் அது மாறியது. கியர் மாறும் கணத்தில் எஞ்சின் கணினி தீப்பொறியைப் பிந்தவைத்து முறுக்குவிசையை நொடிப்பொழுது குறைத்தது. மேலே கணக்கிட்ட மேடு அங்கே மழுங்கியது.

தீப்பொறியைப் பிந்தவைப்பது ஏன், காற்றுக் கதவை மூடினால் போதாதா? நேரம் போதாது. காற்றுக் கதவை மூடினாலும் உட்செல்லும் குழாயில் ஏற்கெனவே நிறைந்த காற்று தீர வேண்டும். ஒரு வினாடியின் பத்திலொரு பங்கோ அதற்கு மேலோ போய்விடும். நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் 10 மில்லி வினாடிக்கு ஒரு தடவை தீப்பொறி விழுகிறது. அடுத்த பொறியையே பிந்தவைத்தால் அடுத்த அடியிலேயே விசை குறைந்துவிடும். ஆனால் வீணாகும் சக்தி வெப்பமாகப் புகைக்குழாய்க்குள் போவதால் இதை நீண்ட நேரம் செய்ய முடியாது. ஆகவே மெதுவான மாற்றங்களுக்குக் காற்று, சடுதியான மாற்றங்களுக்குத் தீப்பொறி என்று இரண்டு வழிகளையும் எஞ்சின் கணினி கலந்து பயன்படுத்துகிறது. டீசலில் பொறி இல்லை. பீச்சும் எரிபொருளின் அளவையே மாற்றினால் போதும், அது ஒரு வகையில் எளிது.

இரண்டு கணினிகளும் பேச ஒரு கம்பி வேண்டும். பொஷ் நிறுவனம் 1986இல் வெளியிட்ட கேன் என்ற வலையமைப்பு அதைத் தந்தது. இரண்டே கம்பிகளில் காரின் கணினிகள் எல்லாம் வினாடிக்குப் பல நூறு செய்திகளைப் பரிமாறும். கம்பியை விட முக்கியமானது பேசும் அலகு. 1990களின் பிற்பகுதியில் முறுக்குவிசையை மையமாக வைத்த எஞ்சின் கட்டுப்பாடு வந்தது. அதில் அக்சிலேற்றர் காற்றுக் கதவை இழுக்கும் கயிறாக இருப்பதை விட்டு, சாரதி கேட்கும் முறுக்குவிசையைச் சொல்லும் கருவியானது. குளிரூட்டி தனக்கு இவ்வளவு வேண்டும் என்கிறது. சறுக்கல் தடுப்பு இவ்வளவுக்கு மேல் வேண்டாம் என்கிறது. கியர் பெட்டி, இப்போதிருந்து அரை வினாடிக்கு 38 நியூட்டன் மீற்றர் குறைத்துக்கொள் என்கிறது. எஞ்சின் கணினி எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து, எவ்வளவு குறைக்க முடிந்தது என்பதையும் திருப்பிச் சொல்கிறது. கேட்டது கிடைக்காவிட்டால் பெட்டி கிளச்சைப் பிடிக்கும் வேகத்தைத் திருத்திக்கொள்ளும். துலா மிதித்துத் தோட்டத்துக்கு இறைத்த காலத்தில் மேலே நடக்கிறவரும் கீழே பட்டை பிடிக்கிறவரும் ஒருவர் அசைவை மற்றவர் பார்த்தே அடியெடுத்து வைத்தார்கள். இங்கே அந்தப் பார்வை மில்லி வினாடிகளில் நடக்கிறது.

பள்ளத்துக்கும் மருந்து உண்டு. நம் கணக்கில் இரண்டாம் கியரிலும் பழைய ஆர்முடுகலையே வைத்திருக்க எஞ்சின் 60க்குப் பதிலாக 105 நியூட்டன் மீற்றர் தர வேண்டும். ஒரு லீற்றர் எஞ்சினால் அது ஆகாது. ஆனால் 80, 85 வரை ஏற்றி, அங்கிருந்து மெல்ல இறக்கலாம். விழுவதைத் தடுக்க முடியாவிட்டாலும் விழும் சரிவைச் சாய்க்கலாம். முன்னே சொன்ன ஜேர்க் அந்தச் சரிவின் அளவுதான்.

நம் ஒழுங்கைகளில் ஓடுபவை

இன்று யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிச் சந்தியில் பத்து நிமிடம் நின்றால் இந்த விஞ்ஞானத்தின் எல்லாக் கிளைகளையும் பார்த்துவிடலாம்.

சுசுகியின் ஓட்டோ கியர் ஷிப்ற் என்பது சாதாரணக் கியர் பெட்டிதான். கிளச்சையும் கியர்க் கம்பியையும் இயந்திரக் கை அசைக்கிறது. இந்தியாவில் 2014இல் மாருதி செலெரியோவோடு இது பரவலானது. ஒற்றைக் கிளச் என்பதால் கியர் மாறும்போது விசை முழுதாக அறுந்தே ஆக வேண்டும். எவ்வளவு நல்ல மென்பொருளாலும் அந்த இடைவெளியைச் சுருக்கலாமே தவிர அழிக்க முடியாது. மாறப்போகும் தறுவாயில் காலைச் சற்றுத் தளர்த்தினால் தலையாட்டம் குறையும். சாரதியும் அங்கே ஒரு பங்காளியாக இருக்க வேண்டியிருக்கிறது.

வகன் ஆர் கார்களில் பெரும்பாலும் சீவீரி. இரண்டு கூம்புக் கப்பிகளுக்கு நடுவே ஓடும் உலோகப் பட்டை விகிதத்தைப் படியே இல்லாமல் மாற்றும். படி இல்லையென்றால் குலுக்கமும் இல்லை என்று தோன்றும். ஒரு வஞ்சகம் இருக்கிறது. முந்துவதற்காகத் திடீரென மிதித்தால், எஞ்சின் சுற்றை உயர்த்த விகிதம் விரைவாக மாற வேண்டும். அந்த உயர்வுக்கு வேண்டிய சக்தியை எஞ்சின் தன் சடத்துவத்துக்கே செலவழிக்கும். சத்தம் கூடும், வண்டி ஒரு கணம் சோரும், பிறகுதான் பாயும். நல்ல கட்டுப்பாட்டில் முறுக்குவிசை முதலில் ஏறும், விகிதம் அதன் பின்னால் அளவோடு நகரும். முந்தும்போது முன்னால் வருகிற லொறியின் தூரத்தைக் கணிப்பவர்கள் இந்தச் சோர்வை மனதில் வைக்க வேண்டும்.

ஹொண்டா வெசல் ஹைபிரிட்டின் ஏழு கியர் இரட்டைக் கிளச்சுப் பெட்டி மிக நுணுக்கமானது. ஒரு கிளச் விடும் அதே நேரத்தில் மற்றது பிடிக்கிறது. மின்மோட்டரும் கூடவே சேர்கிறது. மூன்று பேர் ஒத்துப்போக வேண்டிய இடம். 2013, 2014இல் ஜப்பானில் ஹொண்டா பிற் ஹைபிரிட், வெசல் கார்களை இந்தப் பெட்டியின் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக மீண்டும் மீண்டும் திருப்பியழைக்க வேண்டி வந்தது. மென்பொருளைத் திருத்தி எழுதுவதே பரிகாரத்தின் முக்கிய பங்காக இருந்தது. ஓர் உலகப் பெரு நிறுவனத்துக்கே கடினமாக இருந்த பிரச்சினை இது.

டொயோட்டா பிரியஸிலும் அக்குவாவிலும் கியர் மாற்றமே கிடையாது. 1997இல் வந்த பிரியஸின் நடுவே கோள் கியர்த் தொகுதி ஒன்று இருக்கிறது. வெளி வளையத்துக்கு 78 பற்கள், நடுக் கியருக்கு 30. இந்த எண்களாலேயே எஞ்சினின் முறுக்குவிசை எப்போதும் 72க்கு 28 என்று சில்லுக்கும் மின்பிறப்பாக்கிக்கும் பிரிகிறது. அங்கும் ஒத்திசைவு தேவைப்படும் ஒரு கணம் உண்டு. மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சினை எழுப்ப வேண்டும்; எழுப்பும் முறுக்கின் எதிர்வினை வெளி வளையத்தின் வழியே சில்லைப் பின்னுக்கு இழுக்கும். அதே கணத்தில் இரண்டாவது மோட்டர் அதே அளவை முன்னுக்குத் தருகிறது. பின் இருக்கையில் தூங்கும் குழந்தை விழிப்பதில்லை.

கியர் பெட்டியைக் கழற்றும் முன்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. ஐந்து வருடமாக நம்மிடம் இருந்த கார்களே ஓடித் தேய்ந்தன. கராஜ்களில் இன்று அடிக்கடி கேட்கும் முறைப்பாடு, "கியர் விழேக்கை இடிக்குது" என்பது. உடனே கியர் பெட்டியை இறக்கும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இவ்வளவு தூரம் வாசித்த ஒருவருக்கு அது ஏன் அவசரம் என்று விளங்கும்.

கியர் பெட்டி தன் கிளச்சுகளை எவ்வளவு அழுத்தத்தில் பிடிக்க வேண்டும் என்பதை எஞ்சின் சொல்லும் முறுக்குவிசை எண்ணை வைத்தே முடிவெடுக்கிறது. காற்றை அளக்கும் சென்சரில் புழுதி படிந்தால் அந்த எண் பொய்யாகும். யாழ்ப்பாணத்துக் கோடைப் புழுதியில் இது நடக்கக்கூடியதே. எஞ்சின் மெய்யாகத் தருவதை விடக் குறைத்துச் சொன்னால் கிளச் வழுக்கும். கூட்டிச் சொன்னால் இடிக்கும். பெட்டி நல்லதாக இருக்கும், பழி மட்டும் அதற்கு வரும். எஞ்சினைத் தாங்கும் றப்பர் மவுண்ட் வெடித்திருந்தாலும் சின்ன முறுக்கு பெரிய இடியாகக் கேட்கும். பற்றரியைக் கழற்றி மாட்டியபின் சில கார்களில் கிளச் பிடிக்கும் புள்ளியைக் கணினிக்கு மறுபடி கற்பிக்க வேண்டும். சீவீரிக்கு அதற்குரிய எண்ணெயே விட வேண்டும்; சாதாரண தானியங்கிப் பெட்டி எண்ணெய் விட்டால் பட்டைக்கும் கப்பிக்கும் இடையிலான உராய்வு மாறிப் பெட்டி உண்மையாகவே கெடும்.

ஸ்கான் கருவியில் பி 0700 என்ற குறி வந்தால் அதை எஞ்சின் பிழை என்றும் பெட்டி பிழை என்றும் அவசரப்பட்டு வாசிக்கக் கூடாது. கியர்க் கணினியில் ஏதோ பதிவாகியிருக்கிறது, அங்கே போய்ப் பார் என்று எஞ்சின் கணினி சொல்லும் செய்தி அது. யு 0101 என்றால் இரண்டுக்கும் இடையில் பேச்சே அறுந்திருக்கிறது. முதலில் பார்க்க வேண்டியது கம்பியும் இணைப்பும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது, யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. எஞ்சினை ஒரு பாடமாகவும் வலுக்கடத்தலை இன்னொரு பாடமாகவும் படிப்பிக்கும் எந்த இடத்திலும், மூன்றாவதாக இவை இரண்டும் பேசிக்கொள்ளும் முறையைத் தனிப் பாடமாகச் சேர்க்க வேண்டும் என்று இந்த அத்தியாயத்தின் மூலம் கேட்டுக்கொள்கிறேன். காரை வைத்திருப்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள்: உங்கள் கார் இடித்தால், பெட்டியை இறக்கச் சம்மதிக்கும் முன் இரண்டு கணினிகளையும் வாசித்தீர்களா, எஞ்சின் சொல்லும் முறுக்குவிசை சரியா என்று கராஜில் கேளுங்கள். அந்தக் கேள்விக்குச் செலவு ஒன்றும் இல்லை. பெட்டியை இறக்கி ஏற்றுவதற்குச் செலவு இருக்கிறது.